கல்லூரிக்குப் பின் எந்த நாடு? வடசென்னையிலிருந்து புறப்படும் தம்பி, தங்கைகளுக்கு

ஊருக்கு வரும்போதெல்லாம் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பட்டம் முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, துபாய் நல்லதா, சிங்கப்பூர் நல்லதா?" என்பதுதான். ஊரின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த விசாவில் போகிறீர்கள், ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அந்த வேலைக்காக உங்களிடம் யார் பணம் வாங்குகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்த பிறகே ஊரைப் பற்றிப் பேச வேண்டும். வியாசர்பாடியைச் சேர்ந்த என் நண்பனுக்கு இவற்றில் ஒன்றைக்கூட எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. அவன் வீட்டில் போன நகை இன்னும் திரும்பி வரவில்லை என்பதால் இதைச் சற்றுக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் ஒரு ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலை, பார்த்திருந்தாலும், அந்த அனுபவத்துக்குச் சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலும், அபுதாபியின் ருவைஸிலும், சவூதியின் ஜுபைலிலும் மதிப்பு உண்டு. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் சரக்குப் பெட்டக ஆவணங்களைக் கையாண்டவர்களுக்குத் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் வேலை தேட வழி இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் நேர்முகத் தேர்வுக்குப் போய், முகவரியைப் பார்த்து முகம் சுளித்தவர்களிடம் தலை குனிந்து வந்த பிள்ளைகளை நான் அறிவேன். உங்கள் முகவரிதான் அந்த ஆலைகளையும் துறைமுகங்களையும் உங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் ஷட்டவுனுக்கென்று எடுக்கும் வேலை சில மாதங்களில் முடிந்துவிடும். நிரந்தர வேலை என்று சொல்லி அழைத்தால் ஒப்பந்தக் காலத்தை எழுத்தில் கேளுங்கள்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பகுதிக்குப் பக்கமான பாஸ்போர்ட் சேவை மையம் அமைந்தகரையில் இருக்கிறது. காவல்துறைச் சான்று கேட்கும் நாடுகளுக்கு அதையும் பாஸ்போர்ட் இணையதளம் வழியாகவே விண்ணப்பித்துப் பெறலாம். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், துபாயும் ஷார்ஜாவும் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகமாக இருந்தால் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். இந்த முத்திரைகளை முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என் நண்பன் மெக்கானிக்கல் படித்தவன். மண்ணடியில் ஓர் ஏஜென்சி, ஷார்ஜாவில் சைட் இன்ஜினியர் வேலை, மாதம் 3,000 திர்ஹம் என்று சொல்லி ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கியது. அவன் அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. கையில் கொடுத்தது 60 நாள் விசிட் விசா. "போனதும் கம்பெனியே மாற்றிக் கொடுக்கும்" என்றார்கள். அமீரகத்துக்குள் இருந்தபடியே விசிட் விசாவை வேலை விசாவாக மாற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் மாற்றி முடிப்பதற்கு முன்னால் வேலை செய்வது அங்கே குற்றம். அவனை இறங்கிய வாரமே ஒரு பட்டறையில் வேலைக்கு நிறுத்தினார்கள்.

விசா முடியச் சில நாள்களே இருந்தபோது ஒப்பந்தத் தாளை நீட்டினார்கள். இடப்புறம் ஆங்கிலமும் வலப்புறம் அரபியுமாக அச்சிட்ட அந்தத் தாளை அவன் இரவில் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பதவி என்ற இடத்தில் 'ஹெல்பர்' என்றும், அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹம், படிகளோடு சேர்த்து 1,800 என்றும் இருந்தது. பட்டச் சான்றிதழில் முத்திரை இல்லாததால் பொறியாளர் பதவி போட முடியாது என்று காரணம் சொன்னார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். விசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். அனுமதியில்லாமல் வேலை செய்தவன் என்பதால் புகார் கொடுக்கவும் அவனுக்குப் பயம். அவன் திரும்பி வந்துவிட்டான். பணத்தைக் கேட்டு மண்ணடிக்குப் போனபோது, அவர்கள் கொடுத்திருந்த ரசீதை அவனிடமே படிக்கச் சொன்னார்கள். அதில் 'டூர் பேக்கேஜ்' என்று எழுதியிருந்தது.

இந்தக் கண்ணியில் பட்டதாரிகளே அதிகம் சிக்குவதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அவர்களுடைய ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் ஒருமுறையாவது பார்க்கிறது. செவிலியர் போன்ற சிலரைத் தவிர, படித்தவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன் தானே படித்துப் பார்த்துக்கொள்வான் என்று அரசு விட்டிருக்கிறது. நாமோ பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற முத்திரை இல்லாததைப் பெருமையாக நினைத்து, ஒப்பந்தத்தைப் படிக்காமலே போகிறோம்.

ஆகவே ஏஜென்சியின் பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம்; ரசீதில் அது எதற்கான கட்டணம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது. ஒன்றரை லட்சம் கட்டும் முன் மின்சார ரயிலேறிக் கிண்டியிலுள்ள அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

அமீரகத்தில் முறையான வழி இதுதான்: நிறுவனம் அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் பணி வாய்ப்புக் கடிதத்தை அனுப்ப, நீங்கள் அதில் கையெழுத்திட்ட பிறகு, வேலைக்கான நுழைவு அனுமதி வரும். அதற்குப் பின்னரே விமானம். பின்னால் வரும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்தோடு ஒத்திருக்க வேண்டும். அடிப்படைச் சம்பள வரியை விரல் வைத்துப் படியுங்கள். ஓராண்டு முடித்தவர்களுக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. அடிப்படை 1,800 என்றால் அது ஆண்டுக்கு 1,260 திர்ஹம், 900 என்றால் 630தான். ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது.

சிங்கப்பூரில் விதிகள் தெளிவாக இருப்பதால், பொய்யை இங்கிருந்தே கண்டுபிடித்துவிடலாம். 2025 ஜனவரி முதல், உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்கு அடுத்த நிலையிலுள்ள எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. இரண்டாயிரம் வெள்ளிச் சம்பளத்துக்கு எஸ் பாஸ் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அது எஸ் பாஸ் இல்லை, அல்லது கணக்கில் காட்டிய சம்பளத்தில் ஒரு பகுதியை நீங்கள் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படி வாங்குவது அந்நாட்டில் குற்றம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று வந்தால் பேச்சையே முடித்துவிடுங்கள். அப்படிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி முகாம்களிலிருந்து 2022இல் மீட்கப்பட்டார்கள்.

துபாயில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் தேராவிலோ கராமாவிலோ பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில், பாருங்கள். வாடகை மலிவு என்று ஷார்ஜாவில் தங்கி துபாயில் வேலை பார்த்தால், காலை நேர இத்திஹாத் சாலை நெரிசலில் தூக்கம் போய்விடும். கராமாவில் இட்லியும் கிடைக்கும், பிரியாணியும் கிடைக்கும்; பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் பிசைந்து கொடுக்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கு மட்டும் இன்னும் ஏங்குகிறேன். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கவில்லை. சிக்கல் என்றால் இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். புறப்படும் முன், கையெழுத்திட்ட கடிதம், விசா, பணம் கட்டிய ரசீது ஆகிய மூன்றின் நகலையும் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அவரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.