டீசல் காரில் ஐடிலிங் தூக்கலாக நிற்கிறதா? எங்கிருந்து பார்ப்பது

ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் வேகம்தான் ஐடிலிங். வண்டி நன்றாகச் சூடான பிறகும் ஆர்பிஎம் முள் 850-க்கு இறங்காமல் 950, 1,000 என்று நிற்கிறது. இழுவை குறையவில்லை, புகை இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. இந்த நிலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அடிக்கடி கேட்கும் பதில், "எங்கேயோ ஏர் லீக்" என்பது. அது பெட்ரோல் வண்டிக்கான பாடம். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை அடக்கித்தான் வேகத்தை வைக்கிறார்கள், அதனால் திருட்டுக் காற்று நுழைந்தால் ஐடிலிங் ஏறும். டீசலில் காற்று எப்போதும் தாராளமாகவே போகும். வேகத்தை முடிவு செய்வது டீசலின் அளவு. டர்போ ஹோஸ் கிழிந்தால் இழுவை குறையும், கரும்புகை வரும். ஐடிலிங் ஏறாது.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு ஏதோ காரணத்துக்காகத் தானே ஏற்றி வைத்திருக்கிறதா, இல்லை அது கேட்காமலேயே எங்கிருந்தோ எரிபொருள் உள்ளே போகிறதா? பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும்.

தேவையானவை: ஈசியு சொல்வதைப் படிக்கும் இஎல்எம் 327 வகை புளூடூத் ஸ்கேனர், போனில் அதற்கான ஒரு ஆப், மல்டிமீட்டர், டார்ச், 10 எண் ஸ்பேனர், உப்புத்தாள்.

முதலில் கால் மிதி

சிரிக்க வேண்டாம். ரப்பர் மேட்டின் மேல் இன்னொரு மேட் போட்டு, அதன் முனை ஆக்சிலேட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வண்டிகள் நிறைய. சொத்தவிளை, முட்டம் கடற்கரைக்கு அடிக்கடி போகிற வண்டியில் பெடலின் அடிக்கீலில் மணல் சேர்ந்திருக்கும். மேட்டை வெளியே எடுத்து, கீலைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பெடலை நான்கைந்து முறை மிதித்து விடுங்கள். முள் இறங்கினால் வேலை முடிந்தது.

சரியாக அளப்பது

குளிர்ந்த எஞ்சினில் 1,000 இருப்பது இயல்பு. அதனால் நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் போய்த் திரும்பும் அளவுக்காவது ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஏசி, ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் ஸ்கேனரில் வரும் எண்ணைப் பாருங்கள். முள் 50 வரை பொய் சொல்லும். சிறிய காமன் ரெயில் (ஈசியு கட்டுப்படுத்தும் உயர் அழுத்த இன்ஜெக்‌ஷன்) டீசல்களுக்குச் சூடான ஐடிலிங் பொதுவாக 750 முதல் 900-க்குள் இருக்கும். உங்கள் மாடலுக்குரிய எண்ணை சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு ஏமாற்று உண்டு. கண்ணாடியில் பனி படிகிறதென்று காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால், பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் தானாகவே ஓடத் தொடங்கும். ஐடிலிங்கும் கூடவே ஏறும். ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு மழையைப் பார்க்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

கூலண்ட் வெப்பம்: அதிகம் மாட்டுவது இங்கேதான்

ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையைத் திறந்து வையுங்கள். பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு 80 முதல் 95 டிகிரிக்குள் நிலைக்க வேண்டும். 60, 65-லேயே நின்றால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியு நினைக்கிறது. அதனால் ஐடிலிங்கை இறக்காது. ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காரணம், சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும். அல்லது அது அங்கே இருக்கவே இருக்காது. "நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய லாரி எஞ்சினில் அது எப்படியோ ஓடிவிட்டது. காமன் ரெயில் வண்டியில் அதன் விலை கூடுதல் டீசலும் தூக்கலான ஐடிலிங்கும்.

கண்டுபிடிப்பது எளிது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது திறந்து கிடக்கிறது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் அடி தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தும் பார்க்கலாம். அதன் விளிம்பில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித்தான் வாய் திறக்க வேண்டும். புதிதாக வாங்கும்போதும் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வெப்பம் சரியாக ஏறியும் ஸ்கேனர் குறைத்துக் காட்டினால் சென்சாரைச் சந்தேகியுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, கூலண்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் 25, 27 என்று அருகருகே இருக்க வேண்டும். கூலண்ட் மட்டும் 10 என்றோ மைனஸ் 40 என்றோ சொன்னால் சென்சாரோ வயரோதான். பாஷ் வகை இரண்டு பின் சென்சாரில் 30 டிகிரியில் சுமார் 1,700 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். சென்சாரைக் குறை சொல்லும் முன் அதன் கனெக்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று பட்டுப் பின்னில் பச்சை பூத்திருக்கும்.

பேட்டரியும் எர்த்தும்

மின்னழுத்தம் குறைந்தால் ஆல்டர்னேட்டரை வேகமாகச் சுற்ற வைக்க ஈசியு ஐடிலிங்கை ஏற்றும். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருந்தால் நல்லது. சில புதிய வண்டிகளில் இது இறங்கி ஏறுவது இயல்பு.

எர்த் கேபிளைப் பார்ப்பவர்கள் குறைவு. மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயத்தண்டிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பை எஞ்சின் பிளாக்கில் பளபளக்கும் இரும்பில் வையுங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட நிலையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. எஞ்சினை அணைத்து, நெகட்டிவை முதலில் கழற்றி, இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு வாஸ்லின் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. அது சூட்டில் வழிந்து தூசியைத்தான் சேர்க்கும்.

பெடல் சென்சார்

ஸ்கேனரில் பெடல் டி, பெடல் இ என்று இரண்டு அளவுகள் வரும். பல வண்டிகளில் ஒன்று மற்றதில் பாதி. மெதுவாக மிதித்து விடும்போது இரண்டும் சீராக ஏறி, புறப்பட்ட எண்ணுக்கே திரும்ப வேண்டும். இடையில் குதித்தாலோ திரும்பாமல் ஓரிரு சதவீதம் மேலே நின்றாலோ சென்சார் தேய்ந்திருக்கிறது. இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் பி2138 என்ற பழுதுக் குறியீடு வரும். பல வண்டிகளில் 1,200 வாக்கில் நின்று, மிதித்தாலும் கேட்காது.

பிஎஸ்6 வண்டியா?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 புகை விதிக்குட்பட்ட டீசல் கார்களில், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அதில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் ஐடிலிங் கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும், சூடான வாடை வரும். அது பழுதல்ல. மார்த்தாண்டம் நெரிசலுக்குள்ளேயே ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று, திரும்பத் திரும்பத் தொடங்கும். ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு வரை 60-க்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றால்

ஆயில் கோலை உருவிப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். பாதியில் நின்ற எரிப்புகளாலோ ஒழுகும் இன்ஜெக்டராலோ டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. அளவு மிஞ்சிய ஆயில், எஞ்சினின் மூச்சுக்குழாய் (பிரீதர்) வழியாக எஞ்சினுக்குள் போனால் அதுவே எரிபொருளாகிவிடும். தேய்ந்த டர்போவும் இப்படி ஆயிலை உள்ளே விடும். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் ஆயில் தேங்கி நிற்கும். எஞ்சின் அடங்காமல் இரைந்துகொண்டே ஏறினால் சாவியைத் திருப்பியும் நிற்காது. கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு, கடைசி கியரில் போட்டுக் கிளட்சை விட்டு அணையுங்கள். ஏர் இன்டேக்கைக் கையால் அடைக்கப் போகாதீர்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள்

இவற்றில் ஸ்கேனருக்கு வேலையில்லை. எஞ்சினை அணைத்து, ஆக்சிலேட்டர் கேபிளைப் பம்ப் லீவரிலிருந்து கழற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஐடிலிங் இறங்கினால் குற்றவாளி கேபிள். துருப்பிடித்து உறைக்குள் இழுத்துப் பிடித்திருக்கும், மாற்றிவிடுங்கள். ஏசி வண்டியில் லீவரை இழுக்கும் வேக்குவம் டயாஃப்ரம் விடாமல் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் ஐடில் ஸ்க்ரூ. பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். பக்கத்தில் சீல் வைத்த இன்னொரு ஸ்க்ரூ இருக்கும். அது எஞ்சினின் உச்ச வேகத்துக்கோ டீசலின் உச்ச அளவுக்கோ உரியது, பம்ப் கடைக்காரர் மட்டுமே தொட வேண்டியது.