எபிரெயப் பெயர் தேடுகிறீர்களா? வழுக்கும் இடங்கள் இவை

இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பக்கத்தில் 'எபிரெயம்' என்று போட்டிருந்தாலே நம்பிவிடக் கூடாது. வேதாகமத்தில் வருகிற பெயரெல்லாம் எபிரெயம் அல்ல. பேதுரு, பிலிப்பு, ஸ்தேவான் ஆகியவை கிரேக்கப் பெயர்கள். தோமா (இரட்டையன்), மார்த்தாள் (எஜமானி), தபீத்தாள் (பெண்மான்) மூன்றும் அரமேயம். எஸ்தர்கூட பாரசீக அல்லது பாபிலோனியப் பெயராகத்தான் இருக்கவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். அவளுடைய எபிரெயப் பெயர் அத்சாள், அதாவது ஹதாசா. மிருதுச்செடி என்று பொருள்.

பல எபிரெயப் பெயர்கள் குட்டி வாக்கியங்கள். நாத்தான் என்றால் 'கொடுத்தார்' (நம்மூர் நாதனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை). பின்னால் 'ஏல்' சேர்ந்தால் நாத்தான்வேல், 'தேவன் கொடுத்தார்'. முன்னால் 'யோ' சேர்ந்தால் யோனத்தான், 'யாவே (யெகோவா) கொடுத்தார்'. தானியேலில் நடுவே நிற்கும் 'இ' ஒலிக்கு 'என்' என்று பொருள்: 'தேவன் என் நியாயாதிபதி'. செல்லமாக டேனி என்று வெட்டிப் பதிவுசெய்தால் தேவன் கழன்று 'என் நியாயாதிபதி' மட்டும் மிஞ்சும். கூப்பிட எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், சான்றிதழில் முழுப்பெயர் இருக்கட்டும். அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி எடுத்துக் கடைசியில் 'யேல்' ஒட்டினால் அது எபிரெயப் பெயர் ஆகிவிடாது.

கதை சொல்லும் பொருள் வேறு, சொல்லின் நேர்ப்பொருள் வேறு என்பதையும் பட்டியல்கள் குழப்பும். சாமுவேலுக்கு 'தேவனிடம் கேட்டுப் பெற்றவன்' என்று போடுவார்கள். அது 1 சாமுவேல் 1:20-இல் அவனுடைய தாய் அன்னாள் சொல்லும் காரணம். 'கேட்கப்பட்டவன்' என்ற பொருள் நேராகப் பொருந்துவது சவுல் என்ற பெயருக்கு. சாமுவேலின் எழுத்துகளோ 'தேவனுடைய நாமம்' என்பதற்கே நெருக்கம்.

தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்வதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சாராள், அன்னாள், லேயாள் என்பவற்றின் 'ள்' நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெண்பாலுக்குச் சேர்த்தது, எபிரெயத்தில் இல்லை. பேழை கட்டிய நோவாவின் பெயர் எபிரெயத்தில் 'நோவக்', ஆண் பெயர், இளைப்பாறுதல் என்று பொருள். இஸ்ரேலில் பெண்குழந்தைகளுக்கு மிகவும் விரும்பி வைக்கும் 'நோவா' வேறு பெயர்: எண்ணாகமம் 27:1-இல் வரும் செலொப்பியாத்தின் மகள் நோவாள். அசைவு என்ற பொருளுடைய வேரோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். முன்னது 'கேத்' என்ற எபிரெய எழுத்தில் முடியும். பின்னதில் 'ஆயின்', 'எ' என்ற எபிரெய எழுத்துகள் வரும். 119-ஆம் சங்கீதத்தின் 22 பகுதிகளுக்கும் தலைப்பாக நிற்பவை இந்த எபிரெய எழுத்துகளின் பெயர்கள்தான். 'கேத்', 'எ' இரண்டும், 'ஆலெப்', 'ஆயின்' இரண்டும் தமிழில் ஒன்றுபோலவே ஒலிக்கும். எபிரெயத்தில் எழுத்து மாறினால் வேர் மாறும். தொட்டிலிலோ மோதிரத்திலோ எபிரெயத்தில் பொறிக்கப்போகிறவர்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தாங்களே மாற்றி எழுதாமல், வசனத்தின் எபிரெய மூலத்தில் உள்ளபடியே எடுக்கவேண்டும். வலமிருந்து இடமாக எழுதும் மொழி. கணினியில் ஒட்டும்போது வரிசை தலைகீழாகிவிடுவதும் உண்டு.

இனிமையான ஒலி, இடறும் பொருள். பியூலா நம் குடும்பங்களில் பழகிய பெயர். ஏசாயா 62:4-இல் அது ஒரு தேசத்துக்குச் சொன்ன உருவகம்: 'கணவனுடையவள்'. இன்றைய எபிரெயத்தில் அதே சொல் கன்னியல்லாத பெண்ணைக் குறிக்கும். எபிரெயம் பேசுகிறவர் முன் சங்கடமாகலாம். அதே வசனத்தில் எப்சிபா இருக்கிறதே, 'என் பிரியம் அவள்மேல்'. அதைத் தாராளமாக வைக்கலாம். யாபேஸ் பெயரை, வேதாகமத்தில் அவன் செய்த ஜெபத்துக்காக வைக்கிறார்கள். ஆனால் அவன் தாய் அப்படிப் பெயரிட்டது வேதனையோடு பெற்றதால். 'வேதனை' என்ற சொல்லின் எழுத்துகளே இடம்மாறி அந்தப் பெயரில் நிற்கின்றன. தெரிந்தே வைத்தால் தவறில்லை. மாராள் 'கசப்பு', பெனொனி 'என் துக்கத்தின் மகன்'. தகப்பன் யாக்கோபே பெனொனியைப் பென்யமீன் என்று மாற்றினான். சேலா என்பதற்கு 'நின்று தியானி' என்று உறுதியாக எழுதுவார்கள். சங்கீதங்களில் 71 முறை வந்தும் அதன் பொருள் இன்னும் தீர்மானமாகவில்லை.

மணவுறவால் யூதக் குடும்பத்தோடு இணைந்தவர்கள் பெரியவர்களிடம் முதலில் கேட்பது நல்லது. அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கில் உயிரோடிருக்கும் தாத்தா பெயரை வைக்கமாட்டார்கள். செபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) வழக்கில் அதுவே மரியாதை. ஆண்குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போதுதான் பெயரை அறிவிப்பார்கள்.

பெயர் முடிவானதும் எழுத்துக்கூட்டையும் முடிவுசெய்யுங்கள். எபிரெய யோட் எழுத்து ஆங்கிலத்தில் ஜகரமானது. அதனால் யோவேல், ஜோயல் இரண்டும் ஒரே பெயர். ஞானஸ்நானச் சான்றிதழில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்று விட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலையவேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் உண்டு. வேரைத் தேட அந்த 12 மாதம் தாராளம்.