சட்டமன்றத்துக்கு வரும் மசோதாவை நாமே படித்துக் கண்காணிப்பது எப்படி?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. ‘12 மணி நேர வேலை’ என்று செய்தி பரவியது. அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் மசோதாவை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள்.

நிறைவேறிய பிறகு போராடித்தான் அதைத் தடுக்க முடிந்தது. நிறைவேறும் முன்பே நம்மில் நாலு பேர் படித்திருந்தால்? அதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில், மசோதாவைக் கையில் எடுங்கள்

செய்தியை நம்பி நிற்காதீர்கள். அறிமுகமாகும் மசோதாக்கள் சட்டமன்ற இணையதளத்தில் கிடைக்கும். அரசிதழில் தேடுவதென்றால் பகுதி 4-க்குப் போங்கள். அதில் பிரிவு 1 மசோதாக்களுக்கு, பிரிவு 2 சட்டமாகிவிட்டவைக்கு. அரசு இதை ‘சட்டமுன்வடிவு’ என்றுதான் எழுதும், அந்தச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள்.

கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கடைசியில் ‘நோக்கக் காரண விளக்கவுரை’ இருக்கும். எதற்காக இந்தச் சட்டம் என்று அரசே சொல்லும் இடம் அது. 2023 மசோதாவில், நெகிழ்வான வேலை நேரம் வேண்டுமென்று தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் கேட்டதாக எழுதியிருந்தது. யார் கேட்டு வருகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் பென்சில்

இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாதீர்கள். திருத்த மசோதா என்றால், அது திருத்த வரும் மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2023 மசோதா 65ஏ என்றொரு புதுப் பிரிவைச் சேர்த்தது. வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு விலக்கு அளிக்கலாம் என்றது. 51, 52, 54 என்று வெறும் எண்களாகத்தான் வரும். மூலச் சட்டத்தைப் புரட்டினால்தான் 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேர வரம்பு என்று புரியும். தொழிலாளியைக் காக்கும் வரம்பு அரசின் ஓர் அறிவிக்கையில் விலகிப்போகலாம் என்பதுதான் இதன் பொருள்.

எந்த மசோதாவிலும் ‘விலக்கு அளிக்கலாம்’, ‘அறிவிக்கையின் மூலம்’, ‘எது எப்படி இருப்பினும்’ போன்ற சொற்களின் கீழ்க் கோடு போடுங்கள். அதிகாரிமீது வழக்குத் தொடர முடியாது, நீதிமன்றம் தலையிட முடியாது என்று வரும் வரிகளையும் விடாதீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓரத்தில் எழுதுங்கள்: யாருக்கு அதிகாரம்? எதுவரை? யார் தட்டிக்கேட்பது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத பிரிவைத்தான் நாம் எதிர்க்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் சரி. இன்று நல்லவர் கையில் கொடுக்கும் அதிகாரம் நாளை யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்கள்

பல மசோதாக்கள் அறிமுகமாகிச் சில நாளில் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும், அதுவும் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில். அதனால் மானியக் கோரிக்கையின்போது (ஒவ்வொரு துறைக்கான நிதியையும் சட்டமன்றம் விவாதிக்கும்போது) துறைகள் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை முன்கூட்டியே படித்து வையுங்கள். கடிதம் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். பிரிவு எண், அதிலுள்ள ஆபத்து, நீங்கள் கேட்கும் திருத்தம், இவ்வளவுதான். தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள்.

நிறைவேறிய பிறகும் விடாதீர்கள்

ஆளுநர் ஒப்புதல் கொடுத்த பிறகும், அரசு அறிவிக்கும் நாளில்தான் பல சட்டங்கள் நடைமுறைக்கு வரும். நீர்நிலைகள் உள்ள நிலத்தைப் பெரிய திட்டங்களுக்கு ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டமும் அதே 2023 ஏப்ரல் 21 அன்றுதான் நிறைவேறியது, விவாதமே இல்லாமல். அது நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபரில். அதற்குள் ஊரே மறந்திருக்கும். விதிகள் வெளிவருகின்றனவா என்று அரசிதழை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. ‘இந்த மசோதா தொடர்பாகத் துறைக்கு வந்த கோரிக்கை மனுக்களின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு.