பிரசங்கியில வாற 'மாயை'ய எப்படிப் படிக்கிற?

பைபிள்ல பிரசங்கி புத்தகம் 1:2ல மாயை மாயை எண்டு வருது தானே, எபிரேயத்துல அது ஹெபெல், நேர் அர்த்தம் மூச்சுக்காத்து, புகை. கொட்டாஞ்சேனை கடையில பிளேன்டீ கோப்பையில இருந்து எழும்புற புகைய கையால பிடிச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியும் ஆனா கையில ஒண்டும் இருக்காது, அதான் ஹெபெல், பொய் இல்ல, நிக்காத சாமான்.

போன்ல பைபிள் ஆப்ல ஸ்ட்ரோங்ஸ் நம்பர் (பைபிள்ட மூலச் சொல்லுகளுக்குக் குடுத்திருக்கிற இலக்கம்) 1892 அடிச்சு, வாற வசனம் ஒவ்வொண்டுலயும் முதல்ல 'மூச்சு' எண்டு போட்டு வாசிங்க. 'ஆவி' எண்டு போடாதீங்க, அது ரூவாக், வேற சொல்லு, குழம்பிருவீங்க. நீதிமொழிகள் 31:30ல 'அழகும் வீண்' எண்டதும் இதே ஹெபெல் தான். எரேமியா 10:15ல விக்கிரகத்துக்கும் இதான் வருது, ஆனா அங்க 'மூச்சு' எண்டு இல்லாம 'ஒண்டுக்கும் உதவாதது' எண்டு எடுக்கணும். ஆதியாகமம் 4ல சீக்கிரமே செத்துப்போற ஆபேல்ட பேரும் இதே எழுத்து தான், நம்பர் மட்டும் 1893.