காற்று போடும் முடிச்சை விரலால் தேடுங்கள்
தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள தியரா டெல் ஃபுவேகோ தீவின் ரியோ கிராண்டே ஆற்றில், கடலுக்குப் போய்த் திரும்பும் பழுப்பு டிரவுட் மீனுக்காகச் கொக்கியில் இறகும் நூலும் கட்டிச் செய்த செயற்கை ஈயை வீசுபவர்கள், பத்து வீச்சுக்கு ஒருமுறையாவது தூண்டிலின் நுனி நரம்பை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து, ஈ வரை மெதுவாக உருவிப் பார்க்க வேண்டும். கடுகளவு நெருடல் தட்டினாலும் அங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பொருள்.

அங்கு ஓயாமல் அடிக்கும் மேற்குக் காற்றில் வீச்சு சற்றுத் தடுமாறினாலும் நரம்பு தன்மேல் தானே சுற்றிக்கொள்ளும். அப்படி விழும் சாதாரண முடிச்சு, இழுபடும்போது தன்னையே அறுத்துக்கொண்டு நரம்பின் வலிமையை ஏறக்குறைய பாதியாக்கிவிடுவதால், பத்து கிலோவைத் தொடக்கூடிய மீன் முதல் பாய்ச்சலிலேயே ஈயோடு போய்விடும். பெரிய மீன்கள் அதிகம் கவ்வும் அந்தி இருளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரலைத்தான் நம்ப வேண்டும். இறுகாத முடிச்சைக் கொக்கி முனையால் நெம்பி அவிழ்த்துவிடலாம். இறுகிவிட்டால், தயங்காமல் அந்த இடத்துக்கு மேலே வெட்டி ஈயைப் புதிதாகக் கட்டுங்கள். அவிழ்த்தாலும் நசுங்கிய நரம்பு பழைய பலத்துக்குத் திரும்பாது.

நீரில் மூழ்கும் வகை வீச்சுக் கயிற்றின் நுனியில் குட்டையான தடித்த நரம்பைக் கட்டியிருந்தால் இவ்வளவு அடிக்கடி பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு மடுவுக்கும் ஒருமுறை போதும். நரம்புத் துண்டுகளை இணைக்க நீங்களே போட்ட முடிச்சுகளும் விரலில் தட்டும் என்பதால், அவை இருக்கும் இடத்தை முன்பே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.