கத்தி எஃகு தேர்வு: முறிவையும் தேய்வையும் குழப்பிக்கொள்ளும் தவறுகள்

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் தழை அறுக்கும் கத்தியைக் கெடுப்பது மண். கோத்தகிரிப் பக்கம் சீகை மரமும் கற்பூர மரமும் வெட்டும் அரிவாளைக் கெடுப்பது அடி. மண் கத்தியின் கூரைத் தேய்க்கும், அடி அந்தக் கூரை உடைக்கும். இரண்டுக்கும் சேர்த்து “எது நல்ல எஃகு?” என்று கேட்டால் சரியான பதிலே கிடையாது.

எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. 52100, டி2 என்ற எஃகு வகைகள் இரண்டையும் ராக்வெல் 60-க்குக் கொண்டுவரலாம். கடினம் ஒன்றாக இருந்தாலும் மண்ணில் டி2 கூடுதல் நாள் நிற்கும். காரணம், எஃகுக்குள் இருக்கும் கார்பைடு துகள்கள், அதாவது கார்பன் வேறோர் உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் கடினமான துகள்கள். விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் சொன்னால், ராக்வெல் 60 எஃகு சுமார் 700. மணலில் உள்ள குவார்ட்ஸ் சுமார் 1,100. டி2-இல் உள்ள குரோமியம் கார்பைடு சுமார் 1,500. வனேடியம் கார்பைடு 2,800-ஐ ஒட்டி வரும். மணல் எஃகைக் கீறும், கார்பைடைக் கீற முடியாது.

அந்தத் துகள்களே விரிசல் தொடங்கும் இடமும் ஆகும். டி2-இல் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். துகள்கள் பெரிதாக, திட்டுத்திட்டாக இருக்கும். 5160 என்ற எஃகில் கார்பன் 0.6 சதவீதம்தான், சரியாகச் சூடேற்றினால் கரையாத கார்பைடு அநேகமாக மிஞ்சாது. அதனால்தான் மரம் வெட்ட 5160 பல மடங்கு பாதுகாப்பானது. கேரட் தழைக்கோ பூண்டு வேருக்கோ அதே 5160 சீக்கிரம் மழுங்கும். டி2 முழுத் துருப்பிடிக்காத எஃகு அல்ல என்பதையும் மூடுபனிக் காலத்தில் மறக்கக் கூடாது. துடைத்து எண்ணெய் தடவாமல் வைத்தால் துருவே கூரைத் தின்றுவிடும்.

வெவ்வேறு சோதனை எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். துண்டைச் சம்மட்டியால் அடித்து உடைத்து அது எவ்வளவு அடி தாங்கும் என்று பார்க்கும் சார்பி சோதனையில், வெட்டுத்தடம் போட்ட துண்டுக்கும் போடாத துண்டுக்கும் எண் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். தகடு உருட்டிய திசையில் எடுத்த துண்டு, குறுக்கே எடுத்ததைவிட நன்றாகத் தாங்கும். பட்டறையில் தகட்டிலிருந்து வெட்டும்போதும் கத்தியின் நீளம் உருட்டிய திசையிலேயே போகட்டும்.

எஃகை மாற்றும் முன் கூரைப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைக் கோடாக மின்னினால் தேய்ந்திருக்கிறது. நகத்தைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் மடிந்திருக்கிறது: கடினம் போதாது, அல்லது கூர் அளவுக்கு மீறி மெலிந்திருக்கிறது. பல் விழுந்திருந்தால்தான் முறிவு. அப்போதும் முதலில் கோணத்தை மாற்றிப் பாருங்கள். வெட்டு அரிவாளுக்குப் பக்கத்துக்கு 25 பாகை, காய்கறிக் கத்திக்கு 15 பாகை வைக்கலாம். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

மிச்சப் புகார்களில் பெரும்பங்கு மின்சாணையால் வருவது. தோய்ச்சலுக்குப் பின் (காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கிய பின்) 200 டிகிரி செல்சியஸ் இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்திய கத்தி, சாணையில் நீலம் பாரித்தால் சுமார் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது. அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது. எஃகின் மேல் பழி போடுவது நியாயமில்லை. நீலம் போகும் வரை, தண்ணீரில் அடிக்கடி நனைத்தபடி, அந்த ஓரத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

லாரிப் பட்டையை (சக்கரத்துக்கு மேல் இருக்கும் வில் பட்டையை) அப்படியே அறுத்துக் கத்தியாக்குவது இன்னொரு பழக்கம். பட்டை பெரும்பாலும் ராக்வெல் 45-ஐ ஒட்டித்தான் இருக்கும், கூர் நிற்காது. பல வருடம் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். மேல்தோலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 5160 பட்டை என்றால், காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரியைத் தாண்டி 830 வரை சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும். உலையில் மஞ்சளாகும் வரை விட்டால் எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்துவிடும். சோதனைத் துண்டை உடைத்தால் முறிவு சர்க்கரைக் கட்டிபோல மினுங்கும். அப்படி மினுங்கினால் மறுபடி சரியான சூட்டில் தோய்க்க வேண்டும். பின் உடனே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை பதப்படுத்துங்கள்.

வனேடியம் மிகுந்த எஃகு வாங்குவோர் வைரத்தூள் சாணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கல் அந்தக் கார்பைடை அறுக்காது. சுற்றியுள்ள எஃகை மட்டும்தான் தேய்க்கும்.