பிரவுசர் கடைசியில்தான்: பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேற்றிய கதை

தை மாதம் ஒருநாள் சாயங்காலம் பக்கத்துத் தெரு மாமா தன் மகளுக்குத் தேர்வு விண்ணப்பம் போட வந்தார். "பாப்பா, நாளைக்குக் கடைசித் தேதிம்மா" என்றார். தளத்தைத் திறந்தால் பக்கம் பாதிதான் வந்தது. சமர்ப்பிக்கும் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் அசையவில்லை. கடைசியில் என் போனிலேயே போட்டு முடித்தோம்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2013-ல் வாங்கியது. இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. பட்டா, வருமானச் சான்று, காலேஜ் விண்ணப்பம் என்று தெருவுக்கே உழைத்த பெட்டி. அதை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

பக்கம் பாதியில் நின்றதற்குக் காரணம் பழைய பிரவுசர். அதை மட்டும் அப்டேட் செய்தால் போதுமே என்று தோன்றும். அது நடக்காது. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 இருந்தாக வேண்டும். பிரவுசர் மாற வேண்டுமென்றால் விண்டோஸ் மாற வேண்டும். புது சிஸ்டம், அதாவது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருள், போட்டால் பழைய ஹார்டு டிஸ்க் இழுக்காது. ஆகவே வேலையை அடியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகல் எடுங்கள். போட்டோக்களை யாரும் மறப்பதில்லை, எழுத்துருக்களைத்தான் மறப்போம். வானவில், பாமினியில் அடித்த பழைய மனுக்கள் இருந்தால், விண்டோஸின் ஃபான்ட்ஸ் போல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். அவை இல்லாமல் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். குரோமில் புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டு கோப்பு பூட்டில்லாதது, யார் திறந்தாலும் படிக்கலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

அடுத்து பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, கேபினட்டைத் திறங்கள். எங்கள் பக்கம் கிரானைட் லாரி போகாத நாள் இல்லை. உள்ளே மாவு சலித்த மாதிரி தூசி. காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும், ஈரத்துணி கூடாது. காற்றடித்தால் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். ஒவ்வொரு முறை உள்ளே கை வைக்கும் முன்பும் கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

மதர்போர்டில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. இதை மாற்றாமல் விடாதீர்கள். அது செத்துப்போனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கம்ப்யூட்டர் 2013 என்று நினைத்துக்கொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது. "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வரும் எச்சரிக்கையைப் பார்த்து நெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இனி எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் சேமிப்பு டிஸ்க். இதற்கு ஈடான மாற்றம் வேறு இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஹார்டு டிஸ்கில் தட்டு சுழன்று, முள் நகர்ந்து, தேடித்தான் எதையும் எடுக்கும். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவுமில்லை. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் களி கிண்டி உருண்டை பிடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது அரை நிமிஷம். கடையில் "2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி" என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். சின்னப் பட்டை மாதிரி வரும் என்விஎம்இ வகைக்கு இந்த வயசு போர்டுகளில் பெரும்பாலும் இடமே இருக்காது. என்னுடைய எச்61 வகை மதர்போர்டில் டிஸ்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் விநாடிக்கு 3 ஜிகாபிட்தான். அதனால் விலை உயர்ந்த மாடல் வாங்கியும் பயனில்லை. 240 ஜிபி வாங்கினேன், தாராளமாகப் போதுகிறது.

ராமில் நான் பட்டதைச் சொல்கிறேன். பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைத்தெரு வரை போய், வெறுமனே "8 ஜிபி ராம்" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து சொருகினால் உட்காரவில்லை. கொடுத்தது டிடிஆர்4 வகை, என் போர்டுக்கு வேண்டியது அதற்கு முந்தைய டிடிஆர்3 வகை. இரண்டுக்கும் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காமல் விட்டதால் போர்டு தப்பித்தது, ஆனால் மாற்ற இன்னொரு பஸ் பயணம். பழைய ராமைக் கழற்றி கையோடு எடுத்துப் போங்கள். சொருகிய பின் திரை கறுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். ராமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் 'டக்' கேட்கும்வரை மறுபடி அழுத்துங்கள்.

சிஸ்டம் எது என்பதை உங்கள் பிராசஸர் தீர்மானிக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தால் விண்டோஸ் 11. எனக்கு அது இல்லை. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டேன், செலவில்லை. 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டும்போதே ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். சில பழைய லேசர் பிரின்டர்கள் லினக்ஸில் மக்கர் செய்யும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிறுவும் நேரத்தில் பழைய ஹார்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து மொத்தமும் போய்விடாமல் இருக்க அது ஒன்றே உறுதியான காவல்.

இப்போது பிரவுசர். மின்டில் ஃபயர்பாக்ஸ் கூடவே வரும், சிஸ்டம் அப்டேட்டோடு அதுவும் புதுசாகிக்கொண்டே இருக்கும். எடுத்து வைத்த புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் உள்ளே இறக்குங்கள். பழைய எக்ஸ்டென்ஷன்களை அப்படியே கொண்டுவராதீர்கள், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

பழைய ஹார்டு டிஸ்கை இரண்டு மூன்று மாதம் பீரோவில் வைத்திருங்கள், விட்டுப்போனது ஏதாவது நினைவுக்கு வரும். பிறகு காயலான் கடைக்குப் போடுவதானால் குவிக் ஃபார்மட் போதாது. கோப்புகள் உள்ளேயே இருக்கும், மீட்டெடுக்க முடியும். முழு டிஸ்கிலும் பூஜ்யம் எழுதி அழியுங்கள். என் டிஸ்கில் எங்கள் தெருவில் பாதிப்பேரின் ஆதார் நகல் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டு அழித்துவிட்டு, காலையில் தட்டைக் கழற்றி உடைத்த பிறகுதான் கடைக்குக் கொடுத்தேன்.